அர்த்தம் கேட்டு வந்தவர்

ஷஃபானாவின் பெயர் முதன்முதலாகச் செய்தித்தாளில் அச்சானது ஒரு தமிழ் நாடகத்தின் புண்ணியத்தில். இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு அது. புனேயில் வெளிவந்த ஓர் ஆங்கில நாளிதழின் நகர இணைப்பில் அவள் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பூக்கண்காட்சி, பள்ளி ஆண்டு விழா, புதிதாகத் திறந்த துணிக்கடை என்று பெயர் போடாத துணுக்குகளாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் இணைப்பாசிரியர் லலிதா அவளிடம் ஓர் அழைப்பிதழை நீட்டினார். புனேயின் தொழிற்சாலைப் பகுதியான ஆகுர்டியில் தமிழ்த் தொழிலாளர்கள் போடும் நாடகம்.

"உனக்குத்தான் தமிழ் தெரியுமே, போய்ப் பார்த்துட்டு எழுது. சப்பென்று இல்லாமல் எழுதினால் உன் பெயரைப் போடறேன்."

தெரியும் என்றால், வீட்டில் பேசுகிற அளவுக்குத் தெரியும். அவளுடைய அத்தா நூருல் அமீன் திண்டுக்கல்லிலிருந்து வந்து, கேம்ப் பகுதியில் செருப்புக்கடைகளுக்குப் பதப்படுத்திய தோல் விற்கிறவர். அம்மா ருக்கையா பேசுவதைக் கேட்டால் இன்னும் திண்டுக்கல்லிலேயே குடியிருக்கிறாள் என்றுதான் தோன்றும். ஷஃபானா பிறந்தது, படித்தது எல்லாம் புனேயில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பேசும்போது நடுநடுவே இந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாடகத்தின் பெயர் 'நீதி கேட்ட நெத்திச்சுட்டி'. எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்தவர் கந்தசாமி. கோயம்புத்தூர்க்காரர், ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஐம்பதைத் தாண்டியவர் கல்லூரி மாணவனாக வந்தார். தலையில் ஒரு டோப்பா. அது வசனத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொரு முழக்கத்துக்கும் ஒரு விரல் அளவு முன்னால் நகர்ந்தது. வரதட்சணை கேட்ட மாமியாருக்கு அவர் புத்தி சொன்ன மூன்றாவது காட்சி அரைமணி நேரம் ஓடியது. மாமியாராக நடித்தவர் நின்றபடியே கண் அசந்துவிட்டார்.

ஆனால் அன்று மாலை ஷஃபானாவை அவர்கள் கவனித்த கவனிப்பு ஒன்று உண்டு. பத்திரிகையிலிருந்து வந்திருப்பது தமிழ்ப் பெண் என்று தெரிந்ததும் கந்தசாமி அரிதாரம் பூசிய முகத்தோடு வாசலுக்கே ஓடிவந்தார். "நம்ம தமிழ்ப் புள்ளைதானுங்க!" என்று எல்லோரிடமும் சொன்னார். முன்வரிசையில் நாற்காலி, பக்கத்தில் மின்விசிறி. இடைவேளையில் அவர் மனைவி சந்திரிகா முறுக்கும் குளிர்பானமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவள் முறுக்கை முழுக்கத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் ஷஃபானா நாடகத்தைப் பற்றி நடித்துக் காட்டினாள். டோப்பா நகர்ந்த விதத்தைச் செய்துகாட்டியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த ஆகுர்டி மண்டபத்து ஆட்களில் தானும் ஒருத்தி இல்லை என்பதை அந்தச் சிரிப்பு நிரூபித்தது போல இருந்தது. அதே சூட்டோடு உட்கார்ந்து எழுதினாள். வரதட்சணைக் கொடுமையை 'எக்ஸ்கோரியேட்' செய்யப் புறப்பட்ட நாடகம் கடைசியில் எக்ஸ்கோரியேட் செய்தது பார்வையாளர்களின் பொறுமையைத்தான் என்று ஒரு வரி வைத்தாள். கடுமையாகச் சாடுவது என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். எங்கோ ஒரு சினிமா விமர்சனத்தில் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்து வைத்திருந்தாள். லலிதா அந்த வரியில் சொக்கிப்போய், 'அன் எக்ஸ்கோரியேட்டிங் ஈவினிங்' என்று தலைப்பே கொடுத்துவிட்டார். கீழே கந்தசாமியின் படம், டோப்பாவோடு.

கட்டுரை புதன்கிழமை வந்தது. ஆகுர்டிப் பக்கத்து ஆலைகளுக்கு வியாழன்தான் வார விடுமுறை. அந்த வியாழக்கிழமை காலையில், கோண்ட்வாவில் அவள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. வெளியே கந்தசாமியும் சந்திரிகாவும் நின்றார்கள். அவர் கையில் ஒரு பெரிய பாகர்வடிப் பலகாரப் பொட்டலம், கக்கத்தில் மடித்த செய்தித்தாள்.

சண்டை போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஷஃபானா நினைத்தாள். அலுவலகத்தில் யாரோ முகவரியைக் கொடுத்திருக்கிறார்கள்.

"உங்கள நேர்ல பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுப் போலாம்னு வந்தமுங்க அம்மிணி" என்றார் கந்தசாமி. "இத்தன வருசமா நாடகம் போடறனுங்க. ஒரு பேப்பர்ல ஒரு வரி வந்ததில்லீங்க. நீங்க என்னடான்னா போட்டோவோட அரைப் பக்கம் போட்டுப்புட்டீங்க."

நூருல் அமீன் எழுந்து அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ருக்கையா உள்ளே டீ போட ஓடினாள்.

கந்தசாமி செய்தித்தாளை மேசைமேல் விரித்து, உள்ளங்கையால் மடிப்பை நீவிவிட்டார். "மெஷின் மேனுவல்னா எப்படியோ படிச்சுப்போடுவனுங்க. இது பெரிய இங்கிலீசா இருக்குதுங்க. நம்ம பசங்களக் கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டீங்கறான். நல்லாருக்குதுண்ணா, நல்லாருக்குதுண்ணான்னு நழுவிக்கறானுக. எழுதுன புள்ளையே தமிழ்ப் புள்ளையா இருக்கறப்ப நமக்கென்ன கவலைன்னு கெளம்பி வந்துட்டமுங்க."

குழுவில் இருந்தவர்கள் எல்லோரும் ஆலையில் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். அவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது ஷஃபானாவுக்கு உடனே புரிந்தது.

"இந்தத் தலைப்பு மட்டும் நானே கூட்டிப் படிச்சனுங்க" என்று அவர் விரலை வைத்தார். "எங்க மேனேஜர் குல்கர்ணி சாப் இதப் பாத்துட்டு, 'கந்தசாமி, எக்ஸ்கோரியேட்டிங்!'னு சொல்லிச் சிரிச்சாருங்க. எக்ஸலன்ட்டும் ஸ்கோரும் சேந்த மாதிரி இருக்குதுங்களே. பிரமாதமா ஸ்கோர் பண்ணிட்டான்னு அர்த்தமுங்களா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சந்திரிகா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவள் போலப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள் ஷஃபானா. "அப்படித்தான்."

"பாத்தியா, நாஞ் சொன்னனல்லோ!" என்று அவர் மனைவியின் தொடையில் தட்டினார்.

அதற்குப் பிறகு நிறுத்த வழியில்லை. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு அவள் படித்தாள். படித்தது ஒன்று, சொன்னது ஒன்று. டோப்பாவைக் கிண்டல் செய்த வரி, வேடப் பொருத்தத்தைப் பாராட்டும் வரியானது. மூன்றாவது காட்சியில் மாமியார் தூங்கியதைச் சொன்ன இடத்தில், அந்தக் காட்சியில் மண்டபமே அசையாமல் இருந்தது என்று சொன்னாள். இந்தியும் தமிழும் கலந்து அவள் தடுமாறியதைப் பெரிய விஷயத்தை மொழிபெயர்க்கிற சிரமம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நூருல் அமீன் ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். ருக்கையா டீத் தட்டோடு நின்றபடி, "எம்புட்டு நல்லா எழுதிருக்கு எம் புள்ள" என்றாள்.

போகும்போது கந்தசாமி செய்தித்தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டார். மடித்தால் படத்தில் கோடு விழுந்துவிடுமாம்.

மறுநாள் அலுவலகத்துப் பெரிய அகராதியை ஷஃபானா எடுத்துப் பார்த்தாள். லத்தீனிலிருந்து வந்த சொல். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கோரியம்' என்றால் தோல், விலங்கின் தோல். தோலை உரித்தெடுப்பதுதான் முதல் பொருள். வார்த்தையால் உரிப்பது பிற்பாடு வந்தது. இத்தனை நாளும் அதைச் சத்தத்துக்காக மட்டுமே வைத்திருந்தாள். அதற்குள் ஒரு கத்தி இருப்பது தெரியாது. எக்ஸலன்ட்டும் இல்லை, ஸ்கோரும் இல்லை.

அன்று சாயங்காலம் அத்தாவின் கடைக்குப் போனாள். அடுக்கிவைத்த தோல்களின் வாசனை அவளுக்குப் பழகினதுதான். அன்று என்னவோ குமட்டியது.

"அத்தா, தோலை எப்படி உரிப்பாங்க?"

"என்னத்துக்குத்தா அதெல்லாம் உனக்கு?" என்று சிரித்தார் நூருல் அமீன். ஆனாலும் சொன்னார். அறுத்து, உயிர் அடங்கினபிறகு, வயிற்றுப் பக்கம் நேராக ஒரு கோடு கிழித்து, பிறகு கத்தியைவிட முஷ்டியால்தான் அதிகம் வேலை. கத்தி தப்பினால் ஓட்டை. "அப்பறம் அந்தத் தோலு போனதுதான். எந்தக் கெமிக்கல்லு போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். அது சரி, அந்தக் கோயமுத்தூர்க்காரர் நேத்து சாயங்காலமே எனக்குப் போன் பண்ணினாருத்தா. லேமினேட் பண்ணிட்டாராம்."

உண்மையை அப்போதே அத்தாவிடம் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

இரண்டு மாதம் போலப் போயிற்று. மறந்துவிடும் என்று நினைத்திருந்த நேரத்தில் விச்சு என்று ஒருவன் அலுவலகத்துக்குத் தொலைபேசினான். சென்னைப் பையன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, புதிதாகக் கந்தசாமியின் நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறான்.

"மேடம், மும்பை தமிழ் நாடகப் போட்டிக்குப் போறோம். நோட்டீஸ் அடிச்சாச்சு. நான் இப்பதான் பார்த்தேன். படிக்கிறேன், கேளுங்க. 'புனே ஆங்கில நாளேடு எக்ஸ்கோரியேட்டிங் என்று புகழ்ந்த மாபெரும் நாடகம்.' அவர் வீட்டுச் சுவத்துல உங்க ரிவ்யூவையும் படிச்சேன். என்ன மேடம் இது?"

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, யாருக்காவது கேட்கிறதா என்று சுற்றிலும் பார்த்தாள்.

"நான் சொல்லலாம்னு போனேன் மேடம். 'அந்தப் புள்ளையே அர்த்தம் சொல்லிச்சுடா, உனக்கு என்ன தெரியும்'னு அடக்கிட்டாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"நான் சொல்றேன்" என்றாள். "நானே வந்து சொல்றேன்."

அந்த வியாழக்கிழமை லோக்கல் ரயில் பிடித்து ஆகுர்டிக்குப் போனாள். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்தாள். தமிழில் தொடங்கினால் இந்தியில் முடிந்தது. வீட்டில் சந்திரிகா மட்டும் இருந்தாள். கந்தசாமி ஒத்திகைக்குப் போயிருந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே அந்தக் கட்டுரை, பளபளப்பான உறைக்குள், சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது.

"வெறும் வயித்தோட பேசக் கூடாது" என்று சந்திரிகா தட்டு வைத்துவிட்டாள். சுடச்சுட அரிசிம்பருப்புச் சாதம், நெய் ஊற்றி. சாப்பிடச் சாப்பிட அவள் சொன்னாள்: "உங்களுக்குத் தெரியாது அம்மிணி. இந்த வருசத்தோட நாடகத்த வுட்டுர்றதுன்னு முடிவு பண்ணியிருந்தாருங்க. வயசாச்சு, பசங்களும் சலிச்சுக்கறானுக, போதும்னு அவரு வாயாலயே சொன்னாரு. நீங்க எழுதுனதப் பாத்துத்தான் மறுபடி தெம்பு வந்துது. இப்பப் பாருங்க, காலைல எந்திரிச்சதும் வசனம்தான்."

ஷஃபானா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி. மும்பைக்கு... ஆல் த பெஸ்ட் சொல்லத்தான்."

"நீங்களும் வருவீங்கல்ல? உங்களுக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்காரு."

அவள் தலையாட்டினாள். ரயிலில் வைத்துச் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் ஒரு தவணை வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, சிம்மகட் எக்ஸ்பிரஸில் குழு முழுவதும் ஏறியது. கந்தசாமி புதுச் சட்டை போட்டிருந்தார். பெட்டியில் பாட்டும் கேலியுமாக இருந்தது. லோணாவ்லா வந்தது, சொல்லவில்லை. கர்ஜத்தில் எல்லோருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார், அப்போதும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த விச்சு அவளை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாட்டுங்காவில் ஒரு மண்டபம். வாசலில் நோட்டீஸில் இருந்த வாசகத்தைத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். நான்கைந்து கல்லூரிப் பெண்கள் அதன்கீழ் நின்று ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கந்தசாமி அவர்களைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு உள்ளே போனார். ஷஃபானாவை முன்வரிசையில், சந்திரிகாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

நாடகம் தொடங்குமுன் தலைமை தாங்கியவர் பேச எழுந்தார். சுந்தரமூர்த்தி, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார்.

"புனே நண்பர்கள் ஓர் ஆங்கிலச் சொல்லை விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேலை கொடுக்கிறார்கள்! எக்ஸ்கோரியேட். லத்தீனில் கோரியம் என்றால் தோல். எக்ஸ் என்றால் வெளியே. ஆட்டை உரிப்பது போல உரித்தெடுப்பது. நம் தமிழிலும் சொல்கிறோம் இல்லையா, தோலை உரித்துவிடுவேன் என்று? ஆகவே அந்தப் பத்திரிகை நம் நண்பர்களைத் தோலுரித்திருக்கிறது. அதையே துணியில் எழுதி வாசலில் கட்டிய அவர்களுடைய பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அவர் பொல்லாதவர் இல்லை. ஒரு சின்ன வேடிக்கை என்று நினைத்துத்தான் சொன்னார். சிரிப்பு இவ்வளவு பெரிதாக வந்ததில் அவரே கொஞ்சம் திகைத்து, சீக்கிரமாக உட்கார்ந்துவிட்டார்.

மேடையின் ஓரத்திரை விலகியிருந்தது. அங்கே கந்தசாமி நின்றிருந்தார், பாதி அரிதாரத்தோடு. அவர் மண்டபத்தைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஷஃபானாவைத்தான் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இவர் தப்பாகச் சொல்கிறார், எழுந்து நீ சொல் என்பது போல இருந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தபோது திரை மூடியிருந்தது.

நாடகம் நடந்தது. முதல் வசனத்திலேயே யாரோ "உரி, உரி!" என்று கத்தினார்கள். அதன்பிறகு சோகக் காட்சிக்கும் சிரிப்பு, சண்டைக் காட்சிக்கும் சிரிப்பு. மூன்றாவது காட்சியில் கைதட்டி நிறுத்தச் சொன்னார்கள். கந்தசாமி ஒரு வரியைக்கூட விடவில்லை. குரல் கம்மியது, தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தார். சந்திரிகா கடைசிவரை மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஷஃபானாவின் பக்கம் திரும்பவுமில்லை.

மத்தியானம் திரும்பும் ரயிலில் யாரும் பாடவில்லை. குழுவினர் தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவன் மற்றொருவனிடம், "இனிமே மேடைக்குக் கூப்பிட்டா நான் நைட் ஷிஃப்டுக்கு மாத்திக்குவேன்" என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கர்ஜத்தில் மலையேறுவதற்காக ரயிலுக்குப் பின்னால் இன்ஜின் பூட்டினார்கள். வண்டி ஒருமுறை குலுங்கியது. அப்போதுதான் கந்தசாமி வாயைத் திறந்தார். காதோரம் அரிதாரம் இன்னும் ஒட்டியிருந்தது.

"அம்மிணி, உங்களுக்கும் அதுக்கு அர்த்தம் தெரியாதுங்களா? சின்ன வயசு. பெரிய வார்த்தையா இருக்குதேன்னு போட்டுட்டீங்க போல. அப்படித்தானுங்களே?"

தப்பித்துக்கொள்ள அவரே வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் நம்பிவிடுவார், நம்பத்தான் விரும்பினார்.

"தெரியும்" என்றாள் ஷஃபானா. "திட்டுறதுக்கான வார்த்தைன்னு எழுதும்போதே தெரியும் அங்கிள். தோலு, அது எல்லாம், நீங்க வந்துட்டுப் போன அடுத்த நாள் பார்த்தேன்."

"அடுத்த நாளேவா?"

"ஆமா."

"அதுக்கப்பறம் எங்கூட்டுக்கு வந்தீங்களே" என்றாள் சந்திரிகா. நாடகத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அரிசிம்பருப்பு சாப்பிட்டீங்களே அம்மிணி."

ஷஃபானா அழ ஆரம்பித்தாள். கந்தசாமி அதைப் பார்க்கப் பிடிக்காதவர் போல மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார். "செரி, என்ன எழுதியிருந்தீங்கன்னு இப்பச் சொல்லுங்க. ஒண்ணு வுடாமச் சொல்லுங்க" என்றார்.

கட்டுரை கையில் இல்லை. தேவையும் இல்லை. முழுக்க அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. குகைகளுக்குள் வண்டி புகுந்து வெளியேற, அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஆங்கிலத்தில் அவை சாமர்த்தியமாக இருந்தன, கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளுடைய அரைகுறைத் தமிழில் அந்தச் சாமர்த்தியம் எதுவும் ஒட்டவில்லை. 'இவருக்கு நடிக்க வராது. இவரிடம் அதைச் சொல்லவும் ஆள் இல்லை.' அவ்வளவுதான் மிஞ்சியது.

டோப்பாவைச் சொன்னபோது அவர் குறுக்கிட்டார். "டோப்பா நல்லாத்தான் இருந்துது. ஊர்ல இருந்து வரவழைச்சது."

"சரி அங்கிள்."

மூன்றாவது காட்சியைச் சொன்னபோது சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே கேட்டார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தச் சீனை வெட்டியிருப்பனல்லோ" என்றார். "இல்லாட்டி நாடகத்தையே வுட்டிருப்பன். மும்பை வரைக்கும் வந்து... நாம்போற எடத்துலெல்லாம் அந்த நோட்டீஸக் குடுத்தனுங்க அம்மிணி. என்ற தம்பிக்குக்கூட அனுப்பிச்சன்."

சிஞ்ச்வட் நிலையத்தில் அவர்கள் இறங்கினார்கள். கந்தசாமி தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார். விச்சு உதவிக்கு நீட்டிய கையை அவர் கவனிக்கவே இல்லை. ஷஃபானா கதவருகே நின்றாள். யாரும் திரும்பிப் பார்க்காமலே நடந்தார்கள்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். ருக்கையா தலையில் கைவைத்துக்கொண்டாள். நூருல் அமீன் திட்டவில்லை. "நானும்ல பக்கத்துல உக்காந்து தலையாட்டினேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாரமே ஒரு கூடை மாம்பழத்தோடு தனியாக ஆகுர்டிக்குப் போய்வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "டீ குடுத்தாரு, குடிச்சேன். என் வியாபாரத்தைப் பத்தி விசாரிச்சாரு. நாடகத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசலத்தா. பேசியிருந்தாத் தேவலை" என்றார்.

லலிதாவிடமும் சொன்னாள். "யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களை வீட்டுக்குள் விடக்கூடாது, அதுதான் நீ செய்த தப்பு" என்றார் அவர். அடுத்த வாரம் ஒரு மராத்தி நாடகத்துக்கு அவளையே அனுப்பினார். அவள் பார்த்தாள், எழுதினாள், பெயரும் வந்தது. ஒரு வரி நன்றாக அமைந்துவிட்டால் முன்பு வரும் சந்தோஷம் மட்டும் வரவில்லை. அந்த வரியை யாராவது விரலை வைத்துப் படிக்கச் சொல்லுவார்களோ என்று இருந்தது.

நாடகக் குழு கலைந்துபோனதை விச்சு சொன்னான். யாரும் சண்டை போடவில்லையாம். ஒத்திகைக்கு யாரும் வரவில்லை, கந்தசாமியும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஷஃபானா ஆகுர்டிக்கு மூன்று நான்கு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் கந்தசாமி, "வாங்க அம்மிணி, டீ சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு ஏதோ வேலையிருப்பது போல எழுந்து போய்விடுவார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. கடைசியாகப் போனபோது அவர் மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பி, குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அங்கிள், என்னைத் திட்டுங்க. ஒரு தடவையாவது நல்லாத் திட்டிடுங்க."

அவர் நாடாவை இழுத்துக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "கத்தறதெல்லாம் மேடையிலதானுங்க அம்மிணி எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

அவர் போனதும் சந்திரிகா கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

"அவரு திட்ட மாட்டாரு. நான் திட்டறன், கேட்டுக்கங்க. நீங்க எழுதுனதுகூடப் பெருசில்லை. உங்க தொழிலு, எழுதிப்புட்டீங்க. போதும்னு உக்காந்திருந்த மனுசன எழுப்பி, மாலை போட்டு, ஊர்கூட்டி நடுத்தெருவுல நிறுத்திப்புட்டீங்களே, அதுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க உங்க இங்கிலீசுல? எங்கூட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டே நெஞ்சறிஞ்சு பேசாம இருந்தீங்களே, எப்படி முடிஞ்சுது? ஒரு பொம்பளப் புள்ள எனக்கிருந்து இப்படிப் பண்ணியிருந்தா நடுமுதுகுலயே வெச்சிருப்பன்."

அவள் இன்னும் நிறையச் சொன்னாள். ஷஃபானா நின்றபடி கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் பட வேண்டிய இடத்தில்தான் பட்டது. இவ்வளவு நாளும் இதற்காகத்தான் வந்துகொண்டிருந்தோமோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. திட்டி முடித்துவிட்டால் மன்னித்துவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு ஆசையும் இருந்தது.

சந்திரிகா மூச்சு வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் குரல் பழையபடி தணிந்துவிட்டது.

"இன்னொண்ணு சொல்றனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் அவரு ராத்திரி சாப்புடறதில்லை. உங்க மனசு ஆறட்டும்னு நீங்க வர்றீங்க. அவருக்கு ஆறவேண்டாமா? இனி வராதீங்க அம்மிணி."

ஷஃபானா செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். நிலையத்தில் லோணாவ்லா வண்டி ஒன்று எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. புனே வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஆகுர்டிக்குப் போகவில்லை.